உடைந்த டியூப்லைட்டை யார் கை பொறுக்குகிறது?

எரிந்துபோன சிஎஃப்எல் பல்பையும் டியூப்லைட்டையும் பாதுகாப்பாக அகற்றுவது எப்படி என்று பத்திரிகைகளின் இணைப்பிதழ்களில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. உடைந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், பத்து பதினைந்து நிமிடம் அந்த அறைக்குள் போகாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள், கெட்டியான அட்டையால் சில்லுகளை வழித்தெடுங்கள், மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள், கையைக் கழுவுங்கள். எல்லாம் சரியான குறிப்புகள்தான். நானே பயிற்சி வகுப்புகளில் இவற்றைச் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியைப் பாருங்கள்: "பிறகு குப்பை சேகரிக்க வருபவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்."

அந்தக் குறிப்புகளின் அக்கறை அத்துடன் முடிந்துவிடுகிறது. வாங்கிக்கொள்பவர் எந்த ஜன்னலைத் திறப்பார், எந்த அறையை விட்டு வெளியே போவார் என்று யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டு வாசல்படி வரைக்கும் பாதரசம் ஒரு நஞ்சு. வாசலைத் தாண்டியதும் அது வெறும் குப்பையாகிவிடுகிறது. சூழலியல் பாடமாக மட்டும் நமக்குச் சொல்லித்தரப்படும் இந்த விஷயத்தைச் சாதியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். டியூப்லைட்டும் சிஎஃப்எல்லும் வேலை செய்வது ஒரே முறையில்தான். கண்ணாடிக் குழாய்க்குள் ஆர்கான் வாயுவும் துளி பாதரசமும் இருக்கும். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும். குழாயின் உட்புறத்தில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கதிரை நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றும். ஒரு சிஎஃப்எல்லில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய தடித்த டியூப்லைட்டுகளில் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. விளக்கு எரியாமல் போனாலும் பாதரசம் தீர்ந்துபோவதில்லை. ஆவியாகவும், பொடியில் ஒட்டிக்கொண்டும், உள்ளேயே இருக்கும். குழாய் உடைந்த முதல் சில மணி நேரத்தில் அதிகமாகவும், பிறகு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகவும் அது வெளியேறும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாதரசத்தை விழுங்கினால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உலோகப் பாதரசத்தை விழுங்கினால் உடல் அதை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. மூச்சில் இழுத்தால் கதை வேறு. உள்ளே போகும் ஆவியில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்கும் போகும். கைநடுக்கம், தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத எரிச்சல் என்று அதன் அறிகுறிகள் மெதுவாக வரும். காலை ஐந்தரை மணிக்கு வேலைக்கு வந்து, மதியம் வெயிலில் திரும்பும் ஒரு தூய்மைப் பணியாளருக்குக் கைநடுங்கினால் அதை யார் பாதரசத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள்? "குடிப்பழக்கம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

நான் களப்பணி செய்யும் வார்டில் ஒரு அக்கா பேட்டரி வண்டி ஓட்டுகிறார். டியூப்லைட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நீட்டுக்கு இருக்குது தம்பி, டப்பால நிக்காது. ஒடச்சாத்தான் உள்ள போவும். ஒடைக்கும்போது மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குவேன், அவ்வளவுதான்" என்றார். வண்டியின் விளிம்பில் ஒரு தட்டு. வெள்ளைப் புகைபோலப் பொடி எழும். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போகும். நான்கு அடி நீளமுள்ள ஒரு பொருளைச் சேகரிக்க அரை ஆள் உயரத் தொட்டியைக் கொடுத்தது அவர் முடிவு அல்ல. அந்த வண்டியை வடிவமைத்தவரின் தலையில் டியூப்லைட் என்ற பொருளே இருந்திருக்கவில்லை. நாட்டில் பாதி வீடுகளில் சுவரில் தொங்கிய பொருள் அது!

வீட்டுக்காரர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் பத்திரமாகத்தான் கொடுக்கிறார்கள். "பாத்துமா, கண்ணாடி" என்று எச்சரித்துக் கொடுப்பவர்களும் உண்டு. கண்ணாடி கிழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ரத்தம் வந்தால்தானே காயம் கண்ணுக்குப் படும்.

வண்டியிலிருந்து அது கம்பாக்டர் லாரிக்குப் போகிறது. அங்கே உடையாமல் மிஞ்சியவையும் நசுங்கும். பிறகு கொடுங்கையூரோ பெருங்குடியோ. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். குப்பை எரியும்போது அந்த மேட்டில் புதைந்திருக்கும் பல்புகளின் பாதரசம் என்னவாகும் என்பதை வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. வடசென்னையில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று மக்கள் கைகோத்து நின்றபோது, அதை வளர்ச்சிக்கு எதிரான கூச்சல் என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா?

இன்னொரு வழியும் இருக்கிறது. அது காயலான் கடைக்குப் போகும் வழி. டியூப்லைட்டின் கண்ணாடிக்கு அங்கே மதிப்பில்லை. இரண்டு முனைகளில் இருக்கும் அலுமினிய மூடிக்குக் கொஞ்சம் உண்டு. பழைய சோக்கில் செம்புக் கம்பி இருப்பதால் அதற்கு நல்ல விலை. சிஎஃப்எல்லின் அடியில் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் சுருள் குழாயை உடைக்க வேண்டும். பெரும்பாலும் கடைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நூறு டியூப்லைட்டை அப்படி உடைத்தால், அதிலிருக்கும் பாதரசம் ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருக்கும் அளவை எட்டிவிடும். தெர்மாமீட்டர் உடைந்தால் ஆஸ்பத்திரியே பதறுகிறது. இங்கே அது அன்றைய கூலி.

இந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பது புதிய செய்தியல்ல. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்துக்காக எடுக்கப்பட்ட கணக்கில், சாக்கடை மற்றும் செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர். அது சாக்கடைக் கணக்கு, குப்பைக் கணக்கு அல்ல. ஆனால் தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் காலை வருகைப்பதிவு நடக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். அருந்ததியர், ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் பெயர்கள்தான் உங்கள் காதில் விழும். துப்புரவுப் பணியாளர் என்றிருந்ததைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாகவும் மாற்றினார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தபோது, நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தியதுதான் அரசு காட்டிய வேகம். ஒப்பந்தக்காரர் மாறினால் பணியாளரின் வேலை வரலாறும் அழிந்துபோகும். இருபது வருடம் நஞ்சை மூச்சில் இழுத்தவரின் ஆவணத்தில் இரண்டு வருட அனுபவம் என்று இருக்கும். நாளைக்கு நோய் வந்தால் எந்த முதலாளியிடம் போய் நிற்பது?

சமூகவியல் வகுப்பில் தூய்மை, தீட்டு என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்தப் பாடத்தை ஒரு பல்ப் எளிதாக விளக்கிவிடுகிறது. வீட்டுக்குள் உருவாகும் அழுக்கு வீட்டுக்காரரைத் தீண்டாமல் வெளியேற வேண்டும். வெளியேற்றுபவரின் உடலோடு அந்த அழுக்கு ஒட்டிக்கொண்டாலும் அது சமூகத்தின் கண்ணுக்குப் பிரச்சினையே அல்ல, அதுதான் அந்த உடலின் இடம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. முன்பு இந்த முறை மலத்துக்கு இருந்தது. இப்போது மின்கழிவுக்கும் பாதரசத்துக்கும் அதே பழைய பாதையே கிடைத்திருக்கிறது. தொழில்நுட்பம் நவீனமானது, அதைச் சுமக்கும் ஆள் மாறவில்லை.

கொடைக்கானலை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை அங்கே இயங்கியது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது எந்த அதிகாரியின் சோதனையாலும் அல்ல. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் 7.4 டன் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் திறந்தவெளியில் கிடந்ததை ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஆலையின் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட 2016 மார்ச் வரை ஆனது. பதினைந்து ஆண்டுகள்! அதுவும் அவர்களுக்கு ஒரே ஆலை, ஒரே நிறுவனம், பெயர்ப்பட்டியல், சங்கம் என்று எல்லாம் இருந்தன. டியூப்லைட் உடைக்கும் அக்காவுக்கு எதிராளி யார்? ஆயிரக்கணக்கான வீடுகள், பத்துப் பதினைந்து கம்பெனிகள், ஒரு மாநகராட்சி, மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்தக்காரர். யார் மீதும் வழக்குப் போட முடியாதபடி அந்தப் பாதரசம் மில்லிகிராம் மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சிஎஃப்எல், டியூப்லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே வரையறுத்தன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைத்து, அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றன. பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அப்படியென்றால் 22 மையங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மையம் எது, எத்தனை மணிக்குத் திறக்கும்? இந்தக் கேள்வியை நான் போன கூட்டங்களில் எல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை. அதே விதிகள் பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம், காலணி, ஃப்ளோரசன்ட் ஜாக்கெட் தர வேண்டும் என்றன. ஜாக்கெட் மட்டும் பல இடங்களில் வந்துவிட்டது. ஃப்ளோரசன்ட் விளக்கை உடைப்பதற்கு ஃப்ளோரசன்ட் சீருடை, பொருத்தம்தான்.

சாதாரண முகக்கவசம் பாதரச ஆவியைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். துணி மாஸ்க்கும், ஆஸ்பத்திரியில் போடும் நீலநிற மாஸ்க்கும் பொடியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். எனவே "பாதுகாப்பு உபகரணம் கொடுத்துவிட்டோம்" என்ற புகைப்படத்தோடு இந்தப் பிரச்சினை முடியாது. உடையாமல் எடுத்துப்போவது ஒன்றுதான் பாதுகாப்பு.

மின்கழிவு விதிகள் இன்னொரு பக்கம். 2016 விதிகளிலேயே பாதரச விளக்குகள் மின்கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளிலும் அவை இருக்கின்றன. விற்ற கம்பெனிதான் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்பது கொள்கை. கம்பெனி நேரடியாகச் சேகரிக்க வேண்டியதில்லை, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களை மீட்பதை வைத்து. பாதரசம் அந்தப் பட்டியலில் கிடையாது. விலைபோகும் உலோகத்தை மீட்டால் காசு, நஞ்சை மீட்டால் செலவு. இப்படியொரு ஏற்பாட்டில் எந்த வியாபாரி டியூப்லைட்டைத் தேடி உங்கள் தெருவுக்கு வருவார்?

முறையாகச் செய்ய முடியாத வேலையும் அல்ல இது. மூடிய இயந்திரத்துக்குள், காற்றை உறிஞ்சிக்கொண்டே விளக்கை நொறுக்குவார்கள். ஆவி, கந்தகம் ஏற்றிய கரி வடிகட்டியில் பிடிபடும். அலுமினிய மூடி, கண்ணாடி, பொடி மூன்றும் தனித்தனியாகப் பிரியும். பொடியைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி, குளிர்ந்து, திரவமாகவே கிடைக்கும். பொடியில் இட்ரியம், யூரோப்பியம் போன்ற அரிய தனிமங்களும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 400 சதுர மீட்டருக்கு மேல் மின்பொருள் விற்பனைப் பரப்புள்ள கடைகள், புதிதாக எதையும் வாங்காதவரிடமிருந்தும் பழைய சிறு மின்பொருள்களை இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். இயந்திரம் கடைசிக் கட்டம்தான். வீட்டிலிருந்து அந்த இயந்திரம் வரை விளக்கு உடையாமல் போய்ச் சேர வேண்டும். அந்தத் தூரத்தைத்தான் நம் நாட்டில் சம்பளமும் பாதுகாப்பும் இல்லாத சாதி உழைப்பால் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சூழலியல் நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். 3 மில்லிகிராம் எல்லாம் ஒரு அளவா, நிலக்கரி அனல்மின் நிலையம் காற்றில் விடும் பாதரசம் இதைவிடப் பல மடங்கு, சிஎஃப்எல் மின்சாரத்தை மிச்சப்படுத்தியதால் மொத்தத்தில் பாதரசம் குறையத்தான் செய்தது என்றார். மொத்தத்தில் என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. வீட்டில் வருடத்துக்கு ஒரு பல்ப் உடைந்தால் நீங்கள் பயந்து நடுங்கவும் வேண்டாம். ஆனால் அந்த மொத்தக் கணக்கில் லாபம் ஒரு பக்கமும் நஞ்சு இன்னொரு பக்கமும் விழுகிறதே. மின்கட்டணம் குறைந்தது எல்லா வீட்டுக்கும். முந்நூறு வீட்டு விளக்கையும் உடைத்தது ஒரே ஜோடிக் கை. சராசரி எடுத்துப் பார்த்தால் சாதி எப்போதுமே கண்ணுக்குத் தெரியாது.

இதை இப்போது ஏன் பேச வேண்டும் என்றால், ஃப்ளோரசன்ட் விளக்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனம் கொட்டிய பாதரசத்தால் மீனவக் குடும்பங்கள் கைகால் முடங்கிப் போனது 1956-இல் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. அந்த ஊரின் பெயரில் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய அதன் மாநாடு, பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. இங்கே உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகமாகியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு எல்இடியும் ஏறிய இடத்திலிருந்து ஏதோ ஒரு பழைய விளக்கு இறங்கியிருக்கிறது. பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகம், ரயில் நிலையம் என்று மொத்தம் மொத்தமாக இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. உற்பத்தி நின்ற பிறகு, இந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஆளையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

அதனால் மாணவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலை: எரிந்த விளக்கைப் புதியது வந்த அட்டை உறையிலேயே போட்டு, "பாதரசம், உடைக்காதீர்கள்" என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்திருங்கள். உடைந்ததை மூடிய பாட்டிலில் போடுங்கள். மையம் எங்கே என்று தெரியும்வரை அது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது. வண்டிக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியடையாதீர்கள்.

பெரிய வேலை உங்கள் கல்லூரியில் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் பட்டியலில் உள்ள மின்சாதனங்கள் ஆயிரமாவது வைத்திருக்கும் எந்த நிறுவனமும் மின்கழிவு விதிகளின்படி மொத்த நுகர்வோர். விடுதியையும் வகுப்பறைகளையும் கணினிகளையும் சேர்த்து எண்ணினால் பல கல்லூரிகள் இதில் வந்துவிடும். மொத்த நுகர்வோர் தன் மின்கழிவைப் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். உங்கள் விடுதியில் எல்இடி மாட்டியபோது கழற்றிய டியூப்லைட்டுகள் எங்கே போயின என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருப்பவர்கள் துறைக்கே எழுதலாம்.

மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆர்டிஐ போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள். வீட்டு அபாயக் கழிவுச் சேகரிப்பு மையங்களின் முகவரியும் நேரமும் என்ன? கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பாதரச விளக்குகள் சேகரிக்கப்பட்டு, எந்த மறுசுழற்சியாளருக்கு அனுப்பப்பட்டன? டியூப்லைட்டை உடைக்காமல் எடுத்துச்செல்ல வண்டிகளில் என்ன வசதி? தூய்மைப் பணியாளர்களின் மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரில் பாதரச அளவு பார்க்கப்படுகிறதா, எத்தனை பேருக்குப் பார்க்கப்பட்டது, அறிக்கை அவர்கள் கையில் கொடுக்கப்பட்டதா?

இந்த வரிசையில் பணியாளர் சங்கங்களோடு பேசி நாங்கள் சேர்க்கும் கேள்வி ஒன்று உண்டு. உற்பத்தியாளர்களிடமிருந்து வரும் மறுசுழற்சிப் பணத்தில், விளக்கைச் சேகரித்துக் கொடுக்கும் பணியாளருக்கு விளக்கு ஒன்றுக்கு எவ்வளவு தரப்படுகிறது? காயலான் கடையில் அலுமினிய மூடிக்குக் கிடைப்பதைவிட உடையாத குழாய்க்கு அதிகம் கிடைத்தால் யாரும் அதை உடைக்கமாட்டார்கள். இதற்கு விழிப்புணர்வு முகாம் நடத்தத் தேவையில்லை. பணியாளர்களுக்குப் பாதரசத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று கிளம்பும் தன்னார்வ அமைப்புகளிடமும் இதையே சொல்கிறேன். அந்தப் பாடத்தை முதலில் கம்பெனிகளின் விற்பனைப் பிரிவுக்கும் டெண்டர் எழுதும் பொறியாளர்களுக்கும் எடுங்கள். ஆர்டிஐ மாதிரிப் படிவமும், பணியாளர் சங்கங்களோடு உட்கார்ந்து எழுதிய கோரிக்கை மனுவும் தயாராக இருக்கின்றன. உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ ஐந்து பேர் சேர்ந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறோம்.